தவளை முட்டைச் சாற்றில் கலக்கரு எப்படி உண்டாகிறது? டி.என்.ஏ. ஏன் ஒரு தடவை மட்டும் இரட்டிக்கிறது?

அக்கரைப்பற்றில் உயர்தர உயிரியல் படிக்கிற ஒரு தங்கச்சியின் கேள்வி இது: "தவளை முட்டைகளை மையநீக்கியில் போட்டு நசுக்கி எடுத்த சாற்றுக்குள் விந்தின் டி.என்.ஏ.யை விட்டால், அதைச் சுற்றி ஒரு கலக்கரு உருவாகி, டி.என்.ஏ.யும் இரட்டிக்கிறது என்று வாசித்தேன். முட்டை நசுங்கினால் கலம் செத்துப்போகும்தானே? செத்த கலத்தில் இது எப்படி நடக்கும்? வேறு எத்தனையோ கலங்கள் இருக்க ஏன் தவளை முட்டை? இதனால் மனிதருக்கு ஏதும் பிரயோசனம் உண்டா? எங்கள் வயல் தவளையை வைத்து இங்கேயே செய்யலாமா?" ரியூசன் சேரிடம் கேட்டதற்கு, "சோதனைக்கு வராது" என்று முடித்துவிட்டாராம்.

சோதனைக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் டி.என்.ஏ. இரட்டிப்பைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டுப்போகும் மிகப் பெரிய கேள்விக்கு விடை கிடைத்தது இந்தச் சாற்றில்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செத்த கலம். நசுங்கிய முட்டை இனி வாற்பேத்தையாகப் போவதில்லை. அந்த வகையில் செத்ததுதான். ஆனால் அதற்குள் இருந்த நொதியங்களும் மற்றப் புரதங்களும் அந்தக் கணமே கெட்டுவிடுவதில்லை. கலத்தின் எரிபொருளான ஏ.ரி.பி. தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் மணிக்கணக்கில் வேலை செய்யும். இது புதிய சங்கதியும் அல்ல. 1897 இல் எடுவார்ட் புக்னர் மதுவத்தை அரைத்துப் பிழிந்த சாற்றிலும் சீனி நொதிக்கிறது என்று காட்டினார். அதற்கு 1907 இல் நோபல் பரிசும் வந்தது. தவளை முட்டைச் சாற்றில் வியப்பு என்னவென்றால், நடப்பது ஒரு நொதியத்தின் வேலை மட்டுமல்ல. இரட்டை மென்சவ்வும் துளைகளும் உள்ள ஒரு முழுக் கரு தானாகவே கட்டியெழும்புகிறது. அதற்குள் டி.என்.ஏ. முழுவதும், ஒழுங்காக, ஒரே ஒரு தடவை இரட்டிக்கிறது.

இது சாத்தியமானதற்கு ஒரு கைப்பக்குவமும் காரணம். வழக்கமாகக் கலங்களை உடைக்கும்போது உப்புக் கரைசல் சேர்த்து அரைப்பார்கள். அப்போது புரதங்கள் ஐதாகிவிடும். ஒன்றையொன்று சந்திப்பதே குறைந்துவிடும். தவளை முட்டையிலோ வெளிக் கரைசலை முடிந்தவரை வடித்துவிட்டு, முட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அமுக்கி, மையநீக்கியின் விசையாலேயே உடைக்கிறார்கள். வெளியே வருவது கிட்டத்தட்ட அசல் குழியவுரு. அதனால்தான் அது கலத்துக்குள் இருந்தபோது செய்ததையே குழாய்க்குள்ளும் செய்கிறது.

சரி, ஏன் தவளை? முட்டையின் அளவைப் பாருங்கள். ஆய்வுகூடங்களில் பாவிக்கும் ஆபிரிக்க நகத் தவளையின் (செனோபஸ் லேவிஸ்) முட்டை ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் விட்டமுடையது. ஒரு முட்டையின் கனவளவு சுமார் ஒரு மைக்ரோலீற்றர். எங்கள் உடற்கலம் ஒன்றின் விட்டமோ மில்லிமீற்றரில் நூறில் ஒன்று, இரண்டு. ஒரு முட்டைக்குள் அப்படிப்பட்ட கலங்கள் இலட்சக்கணக்கில் அடங்கும். அதுவும் ஒரு பெண் தவளை ஒரே இரவில் ஆயிரக்கணக்கான முட்டை இடும். நுண்குழாய் நிறையச் சாறு எடுக்க ஒன்றிரண்டு தவளை போதும்.

அளவு மட்டும் காரணமல்ல. தவளை முட்டை தண்ணீரில் அநாதையாகக் கிடப்பது. தாய் பக்கத்தில் இல்லை, சாப்பாடு வராது, மீனும் பூச்சியும் தின்ன வரும். தப்ப வேண்டுமென்றால் வெகு சீக்கிரம் நீந்தும் உருவத்துக்கு வரவேண்டும். கருக்கட்டி 90 நிமிடமளவில் முதற் பிரிவு நடக்கும். அதன் பிறகு ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு பிரிவு. பன்னிரண்டாவது பிரிவு முடியும்போது 4096 கலங்கள். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஏழு மணித்தியாலம்தான். புத்தகத்தில் கலவட்டத்தை ஜி1 (இடைவெளி), எஸ் (இரட்டிப்பு), ஜி2 (இடைவெளி), எம் (பிரிவு) என்று நான்காகப் படிக்கிறீர்கள் அல்லவா? இங்கே ஜி1, ஜி2 என்று சொல்லத்தக்க இடைவெளியே கிடையாது. இரட்டி, பிரி, இரட்டி, பிரி என்று ஒரே ஓட்டம்தான்.

இந்த ஓட்டத்தின்போது முளையத்தின் சொந்தப் பரம்பரையலகுகள் ஏறக்குறைய மௌனமாக இருக்கின்றன. 1982 இல் ஜோன் நியூபோட்டும் மார்க் கிர்ஷ்னரும் இதை விரிவாகக் காட்டினார்கள்: பன்னிரண்டாவது பிரிவு வரை முளையம் தன் ஆர்.என்.ஏ.யை எழுதத் தொடங்குவதில்லை. அதன் பிறகே எழுதுகிறது, பிரிவின் வேகமும் அங்கேதான் குறைகிறது. அப்படியானால் இடையில் உருவாகும் ஆயிரக்கணக்கான கருக்களுக்கு, டி.என்.ஏ. சுற்றப்படும் புரதங்களான இஸ்ரோன்கள் எங்கிருந்து வந்தன? டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் பொலிமரேசு நொதியம் எங்கிருந்து வந்தது? கருவுறையின் துளைகளுக்கான புரதங்கள்? எல்லாம் தாய்த்தவளை முட்டையை வளர்த்த மாதங்களிலேயே கட்டிச் சேர்த்து வைத்தவை. ஆக, முட்டையை உடைத்து எடுக்கும் சாற்றில் ஆயிரக்கணக்கான கருக்களைக் கட்டத் தேவையான சாமான் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. டி.என்.ஏ. மட்டும் வெளியிலிருந்து கொடுத்தால் போதும். சாதாரண உடற்கலத்தை உடைத்தால் இந்த வசதி கிடையாது.

தவளைகளில் ஏன் குறிப்பாகச் செனோபஸ் என்றால், அது பாதி தற்செயல். 1930களில் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் லான்சலட் ஹொக்பனும் அங்கிருந்த மற்ற ஆய்வாளர்களும் நடத்திய வேலையிலிருந்து ஒரு கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. பெண்ணின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசியால் ஏற்றுவார்கள். அவள் கர்ப்பமாக இருந்தால் சிறுநீரில் உள்ள ஓமோன் காரணமாகத் தவளை சில மணித்தியாலங்களில் முட்டையிடும். இப்போது மருந்துக்கடையில் வாங்கும் கீற்று பிடிப்பதும் அதே எச்.சி.ஜி. ஓமோனைத்தான். இந்தப் பரிசோதனைக்காக உலகெங்கும் மருத்துவமனைகளுக்கு இந்தத் தவளை ஏற்றுமதியானது. 1960களில் பிறபொருளெதிரியை வைத்துச் செய்யும் பரிசோதனை வந்ததும் அந்த வேலை போயிற்று. ஆனால் அதற்குள் ஆய்வாளர்களுக்கு ஒரு விடயம் பிடிபட்டுவிட்டது: ஊசி போட்டால் வருசம் முழுக்க முட்டையிடும் தவளை இது. மற்றத் தவளைகள் பருவம் பார்த்துத்தான் இடும். போதாக்குறைக்கு இது தண்ணீரைவிட்டு வெளியே வராது, உயிருள்ள பூச்சிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காது.

1958 இல் ஜோன் கேடனும் அவருடன் வேலை செய்தவர்களும், வளர்ந்துகொண்டிருந்த முளையத்தின் கலக்கருவை, சொந்தக் கரு அழிக்கப்பட்ட செனோபஸ் முட்டைக்குள் வைத்து முழு வளர்ச்சியடைந்த தவளைகளைப் பெற்றார்கள். பின்னர் வாற்பேத்தையின் குடற்கலக் கருவிலும் கேடன் அதைச் செய்தார். அதற்கு 2012 இல் ஷின்யா யமனகாவோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையை எல்லாரும் "குளோனிங்" என்று படிக்கிறார்கள். நமது கேள்விக்கு அதில் வேறொரு செய்தி இருக்கிறது. குடற்கலத்தில் இருந்தபோது எப்போதாவது பிரிந்த ஒரு கரு, முட்டைக்குள் போனதும் அரை மணிக்கொருமுறை டி.என்.ஏ.யை இரட்டிக்கத் தொடங்குகிறது. கட்டளை கருவிலிருந்து வரவில்லை, குழியவுருவிலிருந்து வருகிறது.

அடுத்து எவ்வளவு அந்நியமான டி.என்.ஏ.யை முட்டை ஏற்கும் என்று பார்த்தார்கள். 1980 இல் ரிச்சர்ட் ஹார்லண்டும் ரொன் லாஸ்கியும், எந்த டி.என்.ஏ.யை முட்டைக்குள் ஏற்றினாலும் இரட்டிக்கிறது, அதுவும் ஒரு கலவட்டத்துக்கு ஒரு தடவைதான் என்று காட்டினார்கள். 1983 இல் டக்ளஸ் ஃபோப்ஸ் என்ற பெண் ஆய்வாளர், கிர்ஷ்னர், நியூபோட் மூவரும் பக்டீரியாவைத் தாக்கும் லம்டா வைரசின் வெறும் டி.என்.ஏ.யை முட்டைக்குள் செலுத்தினார்கள். தன் வாழ்நாளில் கருவென்ற ஒன்றையே காணாத டி.என்.ஏ. அது. அதைச் சுற்றியும் இரட்டை மென்சவ்வோடு, துளைகளோடு கரு எழும்பியது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த பரிசோதனை இதுதான். கருவைக் கட்டும் திட்டம் டி.என்.ஏ.யின் எழுத்துகளில் இல்லை. டி.என்.ஏ. என்று ஒன்று இருந்தாலே போதும். அதில் இஸ்ரோன்கள் ஒட்டும், இரண்டும் சேர்ந்து குரோமற்றின் ஆகும், மென்சவ்வுத் துணுக்குகள் வந்து சேரும், துளைகள் அமரும்.

அதே 1983 இல்தான் ரொறொன்ரோவில் மன்பிரட் லோக்காவும் யோஷியோ மசூயியும் முட்டையே இல்லாமல், முட்டைச் சாற்றில் மட்டும், விந்துக் கருவை விரியவைத்துக் காட்டினார்கள். சாறு எடுத்தது வட அமெரிக்காவின் சிறுத்தைத் தவளையில், விந்து செனோபஸ் தவளையில். 1986 இல் ஜூலியன் புளோவும் லாஸ்கியும் செனோபஸ் சாற்றில் முழு டி.என்.ஏ. இரட்டிப்பையும் குழாய்க்குள் கொண்டுவந்தார்கள். நீங்கள் வாசித்தது அனேகமாக இதன் வழிவந்த வேலையைத்தான்.

மேற்படிப்பின்போது இந்தச் சாறு எடுக்கும் ஒரு ஆய்வுகூடத்தில் நானும் கொஞ்சக் காலம் இருந்தேன். செய்முறையைக் கேட்டால் பெரிய வித்தை போல இருக்காது. முதல் நாள் பின்னேரம் பெண் தவளைகளுக்கு எச்.சி.ஜி. ஊசி. மறுநாள் காலையில் தொட்டியின் அடியில் முட்டைகள், ஒருபாதி கடும் கபிலம், மறுபாதி வெளிர் மஞ்சள். ஒவ்வொன்றையும் சுற்றி வழுவழுப்பான பசைப்படை. சிஸ்டீன் கரைசலில் விட்டு மெதுவாகக் கலக்கினால் சில நிமிடத்தில் பசை கரையும். அதுவரை எட்டி எட்டி நின்ற முட்டைகள் மணல் போல ஒன்றோடொன்று நெருங்கி அமர்ந்துவிடும். அந்த நேரம் வெள்ளை வெள்ளையாக ஊதிப்போன முட்டைகளைப் பொறுக்கி எறிய வேண்டும். கெட்ட முட்டை கொஞ்சம் கலந்தாலும் முழுச் சாறும் பழுதாகும். பிறகு கல்சியம் அயனை உள்ளே விடும் ஒரு மருந்தால் முட்டைகளை உசுப்புவார்கள். முட்டைக்கு அது விந்து வந்து சேர்ந்த மாதிரி. ஏனென்றால் இடப்பட்ட முட்டை ஒடுக்கற்பிரிவின் இரண்டாம் கட்டத்தில் பாதியில் நின்றுகொண்டிருக்கிறது. இந்தச் சைகை கிடைத்தால்தான் அது நகரும்.

மையநீக்கியில் புவியீர்ப்பின் பத்தாயிரம் மடங்கு விசையில் கால் மணிநேரம் சுற்றி எடுத்தால், குழாயில் மூன்று படை தெரியும். அடியில் மஞ்சட்கருவும் நிறப்பொருளும் இறுகிய கறுத்த கட்டி. மேலே மஞ்சள் கொழுப்பு. நடுவில் மங்கிய தேன் நிறத்தில் ஒரு படை, வேண்டியது அதுதான். மேலிருந்து உறிஞ்சப் போனால் கொழுப்பும் சேர்ந்து வரும். அதனால் குழாயின் பக்கச் சுவரில் ஊசியைக் குத்தி நடுப்படையை மட்டும் இழுப்பார்கள். சிரிஞ்சில் ஏறும்போதே அதன் தடிப்பு கைக்குத் தெரியும்.

அதற்குள் விந்துக் கருக்களை விட்டு, சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு துளி எடுத்து ஒளிரும் சாயத்தோடு நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். தொடக்கத்தில் விந்துக்கரு வளைந்த நூல் மாதிரி, கெட்டியாக, பளிச்சென்று இருக்கும். விந்துக்கே உரிய புரதங்களால் டி.என்.ஏ. இறுக்கிச் சுருட்டப்பட்டிருப்பதால் அப்படி. சாற்றில் இருக்கும் நியூக்கிளியோபிளாஸ்மின் என்ற புரதம் அந்த விந்துப் புரதங்களைக் கழற்றி எடுத்து, இஸ்ரோன்களை மாட்டுகிறது. (1978 இல் லாஸ்கியின் குழு இந்தப் புரதத்தைப் பற்றி எழுதியபோதுதான் "மூலக்கூற்றுத் துணை" என்ற கருத்தே முதன்முதலில் வந்தது, இன்று புரத மடிப்புப் பாடம் முழுக்க அந்தப் பேர்தான்.) ஐந்து, பத்து நிமிடத்தில் நூல் பருத்து மங்கும். பிறகு அதன் விளிம்பில் மென்சவ்வுத் துணுக்குகள் ஒட்டி, ஒன்றோடொன்று இணைந்து உறையாகும். துளைகள் வழியே புரதங்கள் உள்ளே ஏற ஏற, நீளமாக இருந்தது உருண்டையாக ஊதும். அரை மணி நேரமளவில் உள்ளே இரட்டிப்புத் தொடங்கியிருக்கும். டி.என்.ஏ.யின் கட்டுமானத் துண்டான நியூக்கிளியோரைட்டை அடையாளமிட்டுச் சேர்த்திருந்தால் கரு முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒளிர்வதைக் காணலாம். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இந்த வேகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. போட்டுப் பார்த்தால் சுவையாக இருக்கும். இந்தத் தவளையின் ஒருமடியத் தொகுதியில் ஏறத்தாழ 310 கோடி காரச்சோடிகள், 18 நிறமூர்த்தங்கள். ஒரு நிறமூர்த்தத்துக்குச் சராசரி 17 கோடி. இரட்டிப்புக் கவை (இரு இழைகளும் பிரிந்து படியெடுக்கப்படும் முனை) ஒன்று சாற்றுக்குள் வினாடிக்குச் சுமார் 10 காரங்கள் நகரும். நிறமூர்த்தத்தின் நடுவில் ஒரே ஒரு இடத்தில் தொடங்கி இரு பக்கமும் போனால் வினாடிக்கு 20. முடிய 85 இலட்சம் வினாடி, அதாவது மூன்று மாதத்துக்கு மேல். முட்டைக்குக் கிடைப்பதோ இருபது நிமிடமளவு. அதனால் அது ஏறத்தாழ ஒவ்வொரு பத்தாயிரம் காரத்துக்கும் ஒரு தொடக்கப் புள்ளி வைக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு தொகுதிக்கே மூன்று இலட்சம் புள்ளிகள்; எங்கள் உடற்கலங்களில் இவை இதைவிடப் பல மடங்கு தூரம் தூரமாக இருக்கும். பாடத்தில் "இரட்டிப்புத் தொடங்கும் இடம்" என்று ஒற்றைக் குமிழி ஒன்றைக் கீறிக் காட்டுவார்கள். அது பக்டீரியாவின் படம். பாடத்தில் வரும் பொலிமரேசு III கூடப் பக்டீரியாவுக்குரியதுதான். தவளையிலும் எங்களிலும் இரட்டிப்பைச் செய்வன அல்பா, டெல்ரா, எப்சைலன் என்ற மூன்று.

இப்போது பாடப்புத்தகம் விட்டுப்போகும் கேள்விக்கு வருவோம். மூன்று இலட்சம் இடங்களில் தொடங்குகிறது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஓரிடத்தில் வேலை முடிந்து புதிய டி.என்.ஏ. தயாராக இருக்கும்போது, பக்கத்தில் இன்னும் நொதியங்கள் மும்முரமாக இரட்டித்துக்கொண்டிருக்கின்றன. முடிந்த இடத்தில் அவை ஏன் மறுபடி தொடங்குவதில்லை? ஒரே ஒரு இடம் இரண்டாம் தடவை இரட்டித்தாலும் நிறமூர்த்தம் குழம்பிவிடும். ஓரிடம் விடுபட்டாலும் பிரியும்போது அறுந்துவிடும். ஹெலிக்கேசு, பிரைமேசு, ஒகசாகித் துண்டு, லைகேசு என்று எவ்வளவு பாடமாக்கினாலும் இதற்கு அதில் விடை இல்லை. அவையெல்லாம் எப்படி இரட்டிப்பது என்பதற்கான விடைகள். ஏன் ஒரு தடவை மட்டும் என்பது வேறு கேள்வி.

1988 இல் புளோவும் லாஸ்கியும் இதைக் குழாய்க்குள் கேட்டார்கள். சாற்றில் ஒரு தடவை இரட்டித்து முடிந்த கருக்களை எடுத்து, புத்தம் புதிய சாற்றில் போட்டார்கள். புதிய சாற்றில் எல்லாச் சாமானும் இருக்கிறது; புதிய விந்துக்கரு போட்டால் இரட்டிக்கும். ஆனால் ஏற்கெனவே இரட்டித்த கரு சும்மா இருந்தது. ஆக, தடை சாற்றில் இல்லை, கருவுக்குள் இருக்கிறது. அடுத்து, அதே கருக்களின் உறையில் மட்டும் ஓட்டை விழச் செய்து, மறுபடி புதிய சாற்றில் விட்டார்கள். இம்முறை முழு டி.என்.ஏ.யும் இரண்டாம் தடவை இரட்டித்தது. இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு இது: டி.என்.ஏ. இரட்டிக்க ஏதோ ஓர் "அனுமதிக் காரணி" அதில் முன்கூட்டியே ஒட்டியிருக்க வேண்டும். இரட்டிக்கும்போது அது தீர்ந்துபோகிறது. உறை முழுதாக இருக்கும்வரை புதிதாக உள்ளே வர முடியாது. இழையுருப்பிரிவில் உறை கரையும்போதுதான் மறுபடி வந்து ஒட்டும். அந்தக் காரணி எதுவென்று அப்போது யாருக்கும் தெரியாது. பெயரில்லாத ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று தர்க்கத்தால் மட்டும் சொன்னார்கள்.

1995 இல் அதன் முக்கிய பகுதி அகப்பட்டது: எம்.சி.எம். என்ற ஆறு புரதங்கள் சேர்ந்த வளையம். இன்று நமக்குத் தெரிந்த வரிசை இப்படி. பிரிவு முடியும் தறுவாயில் ஓ.ஆர்.சி. என்ற புரதக் கூட்டம் டி.என்.ஏ.யில் அமர்கிறது. சி.டி.சி.6, சி.டி.டி.1 என்ற இரண்டும் அதோடு சேர்ந்து, எம்.சி.எம். வளையங்களை டி.என்.ஏ.யைச் சுற்றி மாட்டுகின்றன. அனுமதி கொடுத்தாயிற்று, ஆனால் வளையம் சும்மா இருக்கும். கரு கட்டி முடிந்து, கலவட்டத்தை முன்தள்ளும் கைனேசு நொதியங்கள் உயர்ந்ததும் அந்த வளையத்தோடு சி.டி.சி.45, ஜின்ஸ் என்பவை சேர, அது இழைகளைப் பிரிக்கும் ஹெலிக்கேசாக மாறி ஓடத் தொடங்குகிறது. ஓடினால் அது தொடங்கிய இடத்தில் இனி வளையம் இல்லை. அந்த நேரத்தில் புதிய வளையம் மாட்டவும் முடியாது. ஜெமினின் என்ற புரதம் சி.டி.டி.1 ஐக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜெமினினும் 1998 இல் தவளை முட்டைச் சாற்றில் பிடிபட்டதுதான். அடுத்த பிரிவின் முடிவில் அது அழிக்கப்படுவதோடு மறுபடி அனுமதி.

2022 இல் பெற்றோலுக்கு கியூ.ஆர். கோட்டா கொடுத்தது ஞாபகம் இருக்கும். கிழமைக்கு ஒரு தடவை கோட்டா ஏறும். அடித்து முடித்தால் பெற்றோல் செட்டில் எவ்வளவு இருந்தாலும் அடுத்த தடவை ஏறும்வரை கிடையாது. இங்கேயும் அதே ஏற்பாடுதான், இன்னும் கொஞ்சம் இறுக்கமாக: கோட்டா ஏறும் நேரத்தில் செலவழிக்க முடியாது, செலவழிக்கும் நேரத்தில் ஏற்ற முடியாது. கைனேசு நொதியம் தாழ்ந்திருக்கும்போது அனுமதி, உயர்ந்திருக்கும்போது இரட்டிப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் நடவாதபடி பிரித்து வைத்திருப்பதுதான் முழு இரகசியமும். இதை உடைத்துப் பார்த்தும் இருக்கிறார்கள். இரட்டிப்பு முடிந்த சாற்றில் வெளியிலிருந்து சி.டி.டி.1 ஐக் கூடுதலாகச் சேர்த்தால் டி.என்.ஏ. மறுபடி இரட்டிக்கத் தொடங்கும். முழுத் தவளையிலோ மனிதக் கலத்திலோ இதை இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது. சாற்றில் என்றால் ஒரு புரதத்தைப் பிறபொருளெதிரியால் பிடித்து நீக்கலாம், வேலை நிற்கும். அதே புரதத்தைத் தூய்மையாக்கித் திருப்பிக் கொடுக்கலாம், வேலை நடக்கும். ஒவ்வொன்றாக நீக்கிச் சேர்த்துப் பார்க்கும் இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் தவளை முட்டை.

விடுபட்டுப்போகாமல் எப்படி என்பதற்கும் ஒரு வரி: தேவைக்கு மிஞ்சிப் பத்து, இருபது மடங்கு வளையங்கள் முன்கூட்டியே மாட்டப்படுகின்றன. பெரும்பாலானவை தூங்கும். எங்கேயாவது ஒரு கவை சிக்கி நின்றால் பக்கத்தில் தூங்கியது எழும்பி மிச்சத்தை முடிக்கும்.

1988 இன் விளக்கத்தில் உறைதான் காவலாளி. அது பாதிதான் சரி. எம்.சி.எம். உறையைத் தாண்டி உள்ளே வரக்கூடியதுதான் என்று பின்னால் தெரிந்தது. தடை ஜெமினினாலும் கைனேசாலும். அப்படியென்றால் கருவுறையின் வேலை என்ன? 1998 இல் ஜொஹன்னஸ் வோல்ற்றர், சன், நியூபோட் மூவரும் இதை நேரடியாகவே பார்த்தார்கள். சாற்றில் ஏராளமான கருக்களைக் கட்டவிட்டு, அந்தக் கருக்களைச் சேகரித்து உடைத்து, உள்ளே இருந்த திரவத்தை மட்டும் எடுத்தார்கள். பிறகு அனுமதி பெற்ற டி.என்.ஏ.யில் அந்தத் திரவத்தைச் சேர்த்தார்கள். கருவே இல்லாமல் இரட்டிப்பு நடந்தது, அதுவும் ஒரு தடவை மட்டும். ஆக, இரட்டிப்பைப் பொறுத்தவரை உறை செய்வது, துளைகள் வழியே வேண்டிய புரதங்களை உள்ளே இழுத்துச் செறிவாக்குவது. செறிவைக் கையால் கொடுத்துவிட்டால் உறை தேவையில்லை. கரு என்றால் டி.என்.ஏ.யைப் பாதுகாக்கும் பை என்று மட்டும் எழுதிப் பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய முடிவு.

மனிதருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டீர்கள். மெய்யர்-கோர்லின் என்றொரு அரிய பிறவி நோய்க்குறி உண்டு: உடல் வளர்ச்சி குறைந்து, காது சிறுத்து, முழங்காற் சில்லு இல்லாமலோ சிறிதாகவோ இருக்கும். 2011 இல் அதன் காரணம் தெரிந்தபோது, பழுதாகியிருந்தவை ஓ.ஆர்.சி.யின் பகுதிகளும் சி.டி.டி.1, சி.டி.சி.6 என்பவையும். மேலே சொன்ன அனுமதிப் பட்டியல் அப்படியே. இன்னொன்று, பிரியாத கலங்களில் எம்.சி.எம். இருப்பதில்லை, ஓய்வுக்குப் போன கலம் அதைக் கைவிட்டுவிடும். 1998 இல் லாஸ்கி உட்பட்ட ஒரு குழு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு எடுக்கும் கலங்களில் இந்தப் புரதங்களுக்கு நிறமேற்றினால், பிரியக்கூடாத இடத்தில் பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள் எடுப்பாகத் தெரியும் என்று காட்டியது. தவளை முட்டையில் தொடங்கியது புற்றுநோய்க் கண்டறிதலுக்கு வந்த பாதை அது.

கடைசியாக, எங்கள் வயல் தவளை. கொள்கையளவில் முடியும், மேலே சொன்ன லோக்கா-மசூயி வேலையே வேறொரு தவளையில் நடந்ததுதான். ஆனால் எங்கள் தவளைகள் மழையைப் பார்த்து இடுபவை. மாரி பிடித்து வட்டைக்குள் தண்ணீர் ஏறும் கிழமைகளில் அள்ள அள்ள முட்டை. மற்ற மாதங்களில் ஒன்றும் இல்லை. செனோபஸ் இலங்கைக்குரியதல்ல. கொண்டுவந்து தப்பவிட்டால் எங்கள் குளங்களுக்கு அது வீண் வினை. அதை நான் ஆதரிக்க மாட்டேன். ஈரூடகவாழிகளைப் பிடித்து ஆராய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆகவே வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, முறைப்படி கேட்டுச் செய்யவேண்டிய வேலை இது.

இப்போதைக்குச் செய்யக்கூடிய ஒன்று உண்டு, அதற்குக் கைவில்லையும் பொறுமையும் போதும். நல்ல மழைக்கு மறுநாள் விடியப்புறம் வரம்போரக் குட்டைகளைப் பாருங்கள். புல்லைச் சுற்றிக் கண்ணாடி போன்ற பசைக்கயிறு கிடந்து, அதற்குள் கறுப்புமணி வரிசையாக இருந்தால் அது தேரையின் முட்டை. (கிணற்றுக்கட்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவர் என்று வெள்ளை நுரையாக ஒட்டியிருப்பது மரத்தவளையுடையது, அதைக் கலைக்க வேண்டாம், உள்ளே ஒன்றும் தெரியாது.) இரவிலேயே இட்டிருந்தால் பிந்திவிடும், மணிகள் பார்வைக்கு மறுபடி வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது ஆயிரக்கணக்கான கலங்களாகப் பிரிந்து முடிந்த வழவழப்பு. கயிறு இன்னும் புதிதாக இருக்கும்போதே கிடைத்துவிட்டால், தண்ணீரோடு ஒரு வெள்ளைக் கோப்பையில் சிறு துண்டு வைத்து நிழலில் பாருங்கள். மேற்பாதியில் ஒரு கோடு விழும், பிறகு அதற்குக் குறுக்கே இன்னொன்று. எத்தனை நிமிடத்துக்கு ஒரு கோடு என்று குறித்துக்கொள்ளுங்கள். தேரையின் நேரம் செனோபஸின் நேரமாக இருக்கவேண்டும் என்றில்லை. தண்ணீரின் சூட்டைப் பொறுத்தும் மாறும், அதனால் வெப்பமானி இருந்தால் அந்த அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். பார்த்து முடிந்ததும் எடுத்த குட்டையிலேயே விட்டுவிடுங்கள்.